துக்ளக் என்னும் பெயர்

மனிதன் தன் பெற்றோரிடமிருந்து முதன்முதலாகப் பெறும் அணிகலன் அவன் பெயரேயாகும். ஏனைய அணிகள் தேயும், களவு போகும். பெயரோ வாழ்நாள் முழுவதும் உடன் வரும். அவன் மறைந்த பின்னரும் சில காலம் நிற்கும். ஆயினும், நாள்தோறும் நாம் ஆளும் பெயர்களின் பொருளை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கின்றோம்? பொருளறியாது பெயரை ஆள்வதனால் பிறர்க்கு இன்னல் செய்தலும் கூடும். இவ்வுண்மையை எனக்கு உணர்த்தியவன், அறந்தாங்கியில் என்னிடம் தமிழ் பயின்ற மாணவன் ஒருவன்.

அவன் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்து படித்தவன். ஒரு நாள் மாலை விளையாட்டில் அவன் அணித்தலைவனாக இருந்தான். ஆடுகளத்தைத் திடலின் வடமூலையிலிருந்து தென்மூலைக்கு மாற்றச் செய்தான்; சிறிது நேரத்திற்குள் மீண்டும் வடமூலைக்கே கொண்டுவந்தான். மறுநாள் இதனைக் கேள்வியுற்ற நான், வகுப்பில் நுழைந்த அவனை நோக்கி, "வா, துக்ளக்!" என்று நகைத்து அழைத்தேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. அன்று தொட்டு அவனுடைய சொந்தப் பெயர் மறைந்தது. உடன் பயின்றோர் அனைவரும் அவனைத் துக்ளக் என்றே அழைக்கலாயினர்.

சில திங்கள் சென்றன. ஒரு நாள் பாடம் முடிந்த பின் அவன் தனியே என்னிடம் வந்து, "ஐயா, துக்ளக் என்பதற்குப் பொருள் என்ன?" என்று கேட்டான். "தம்பி, அது தில்லியை ஆண்ட மன்னன் ஒருவனது பெயர்" என்றேன். "அது தெரியும் ஐயா, அப்பெயருக்குப் பொருள் என்ன?" என்று மீண்டும் கேட்டான். நான் விடையளிக்க இயலாமல் நின்றேன். எழுத்தும் சொல்லும் பொருளும் பல ஆண்டுகள் கற்பித்த நான், பொருளறியாச் சொல் ஒன்றால் ஒரு பிள்ளைக்குப் பட்டம் சூட்டிவிட்டேன் என்பது அப்பொழுதுதான் எனக்கு விளங்கிற்று. அதன் பின்னர் நான் தேடி அறிந்தவற்றை இங்குக் காண்போம்.

முதற்கண், இப்பெயர் யாருடையது என்பதை அறிதல் வேண்டும். தில்லியிலிருந்து தலைநகரை மாற்றிய மன்னனின் பெயர் துக்ளக் என்றே நம்மில் பலர் கருதுகின்றனர். அது பிழை. அம்மன்னனின் பெயர் முகம்மது. இளமையில் அவனுக்கு வழங்கிய பெயர் ஜௌனா. துக்ளக் என்பது அவன் தந்தையின் பெயர். 'முகம்மது பின் துக்ளக்' என்னும் தொடரில் உள்ள 'பின்' என்பது அரபுச் சொல். அதற்கு 'மகன்' என்பது பொருள். எனவே, 'துக்ளக்கின் மகன் முகம்மது' என்பதே அத்தொடரின் பொருளாகும். தமிழ்நாட்டில் நாம் தந்தை பெயரின் முதலெழுத்தை நம் பெயருக்கு முன்னர் எழுதுகின்றோம் அல்லவா? அம்முறைப்படி எழுதின் அவன் 'து. முகம்மது' ஆவான். ஒருவனை அவன் பெயரால் அழையாது தலைப்பெழுத்தால் மட்டும் அழைத்து, அவன் செய்த பிழைகளையெல்லாம் அத்தலைப்பெழுத்தின்மேல் ஏற்றுவது எத்துணைப் பொருந்தாது!

தந்தையாகிய துக்ளக் எளிய நிலையிலிருந்து உயர்ந்த படைவீரர். காசி மாலிக் என்பது அவர் பெற்றிருந்த பட்டம். தீபால்பூரில் இருந்து வடமேற்கு எல்லையைக் காத்து, மங்கோலியர் படையெடுப்புகளைப் பன்முறை தடுத்தவர். 1320ஆம் ஆண்டில் கியாசுத்தீன் துக்ளக் என்னும் பெயருடன் தில்லி அரியணை ஏறினார்; 1325ஆம் ஆண்டில் மரத்தாலாகிய மண்டபம் ஒன்று இடிந்து வீழ்ந்ததனால் உயிர் துறந்தார். தில்லியின் தென்பால் இன்றும் காணப்படும் துக்ளகாபாத்துக் கோட்டை அவர் எழுப்பியதே. அவர் துருக்கியருள் கரௌனா என்னும் கூட்டத்தைச் சார்ந்தவர் என்று இபன் பதூதா எழுதியுள்ளார். மொராக்கோ நாட்டினராகிய அப்பயணி, முகம்மதின் ஆட்சியில் தில்லியில் நீதிபதியாகப் பணியாற்றியவர். பின்னர் இலங்கையிலிருந்து கடல் கடந்து தமிழ்நாட்டுக் கரையில் இறங்கி, மதுரைக்கும் வந்தவர். துக்ளக்கின் குலத்தைப் பற்றி எழுதிய கையினர் நம் பாண்டிநாட்டு மண்ணையும் மிதித்துள்ளார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இனி, பெயரின் பொருளைக் காண்போம். இச்சொல்லைத் 'துக்' என்றும் 'லுக்' என்றும் இரண்டாகப் பிரித்துப் பொருள் கூறுவர் மொழிநூலார். பழந்துருக்கி மொழியில் 'துக்' என்பது கொடியைக் குறிக்கும். துணியாலாகிய கொடி அன்று அது. நீண்ட கழியின் உச்சியில் குதிரையின் வாலையோ, கவரிமாவின் வாலையோ கட்டித் தொங்கவிடுவர், அதுவே துக். பரந்த புல்வெளிகளில் குதிரைமீது வாழ்ந்த மக்களுக்கு அதுவே தலைமையின் அடையாளம். செங்கிசுக்கான் 1206ஆம் ஆண்டில் பேரரசனாக முடிசூடியபோது ஒன்பது வால்களையுடைய வெண்கொடி நாட்டப்பெற்றது என்று மங்கோலியரின் பழைய வரலாற்று நூல் கூறும். பிற்காலத்து உதுமானியத் துருக்கியரிடத்தும் இவ்வழக்கம் நிலைத்தது. அங்குத் தலைவர்களின் படிநிலை, அவர்கள் கொடியில் தொங்கும் வால்களின் எண்ணிக்கையால் அறியப்பட்டது.

'லுக்' என்பது ஓர் இறுதிநிலை. 'உடைய' என்னும் பொருளை அது தரும். துருக்கி மொழியில் 'குத்' என்றால் நற்பேறு. 'குத்லுக்' என்றால் நற்பேறுடையவன். முகம்மதின் ஆசிரியராக விளங்கித் தேவகிரியில் ஆட்சி செலுத்திய ஒருவர் குத்லுக் கான் என்னும் பட்டம் பெற்றிருந்தார். அவ்வாறே 'துக்லுக்' என்பது கொடியுடையவன் என்று பொருள்படும். அதே நூற்றாண்டில் நடு ஆசியாவில் துக்லுக் தைமூர் என்னும் பெயருடைய மன்னன் ஒருவனும் இருந்தான். தைமூர் என்றால் இரும்பு. ஆகவே இப்பெயர் ஒரு குடிக்கு மட்டும் உரிய பெயர் அன்று; வீரம் விளங்க வேண்டும் என்று விரும்பி ஆண்மக்களுக்கு இட்ட பெயராகும்.

இவ்வமைப்புத் தமிழ் மாணவர்க்குப் புதிதன்று. குழையை உடையவன் குழையன். பொன்னை உடையவன் பொன்னன். பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்னும் ஆறனுள் பொருளை அடியாகக் கொண்டு பிறக்கும் பெயர்கள் இவை. துக்லுக் என்பதும் இவ்வகையினதே. இன்னும் அணித்தான சான்று வேண்டின், நம் ஊர்ப் பெயரையே நோக்குக. அறத்தைத் தாங்குவது அறந்தாங்கி. அறம் என்னும் சொல்லின் ஈற்று மகரம், வரும் தகரத்திற்கு இனமாகிய நகரமாகத் திரிந்தது. சுமையைத் தாங்குவது சுமைதாங்கி. இடியைத் தாங்குவது இடிதாங்கி. அவ்வாறே, துக்லுக் என்னும் பெயரைத் தமிழில் வடிக்கப் புகுந்தால் 'கொடிதாங்கி' என்னலாம். அறந்தாங்கியில் பிறந்த பிள்ளைக்கு அப்பெயரின் உட்பொருளை விளக்க வேறு அகராதியும் வேண்டுமோ?

கொடியாற் பெயர் பெறுதல் நம் நாட்டிலும் பழைய வழக்கமே. சோழர் புலிக்கொடியர், பாண்டியர் மீன்கொடியர், சேரர் விற்கொடியர். முருகனைச் சேவற்கொடியோன் என்கின்றோம். அரசனுக்குரிய பத்து உறுப்புகளாகிய தசாங்கத்துள் கொடியும் ஒன்று. மாணிக்கவாசகர் இறைவனையே அரசனாகக் கொண்டு, பெயர், நாடு, ஊர், ஆறு, மலை, ஊர்தி, படை, முரசு, தார், கொடி என்னும் பத்தினையும் திருத்தசாங்கத்தில் அமைத்துப் பாடியுள்ளார். அவர் ஆட்கொள்ளப்பட்ட திருப்பெருந்துறை, அறந்தாங்கிக்குத் தென்கிழக்கே அணித்தாக உள்ள ஆவுடையார்கோயிலே என்பதை நீங்கள் அறிவீர்கள். பாண்டியனுக்குக் குதிரை வாங்கச் சென்றவர், அப்பொருளைத் திருப்பணிக்குச் செலவிட்டார் என்பது அவ்வூர் வரலாறு. கடல்வழியே குதிரைகள் வந்து இறங்கியதைப் பட்டினப்பாலையும் குறிப்பிடுகின்றது. பாண்டிய நாட்டிற்கு அரபு, பாரசீகத் துறைகளிலிருந்து குதிரைகள் வந்ததை மார்க்கோ போலோவும் எழுதியுள்ளார். குதிரையின் வாலைக் கொடியாகக் கொண்ட மக்களின் சொல்லும், குதிரைக்காகக் கடலை நோக்கி நின்ற நாட்டின் நினைவும் ஒன்றற்கொன்று மிகத் தொலைவில் உள்ளன அல்ல.

துக்லுக் என்னும் சொல் தமிழில் துக்ளக் என்றாயது எவ்வாறு? இதற்கு விடை இலக்கணத்தில் உள்ளது. அரபு எழுத்தில் இப்பெயரை எழுதும்போது நடுவில் வரும் ககர ஒலியும் இறுதியில் வரும் ககர ஒலியும் வெவ்வேறு எழுத்துகள். முன்னது மிடற்றிலிருந்து உரசி மெலிந்து வரும். பின்னது அடிநாவிலிருந்து வன்மையாக எழும். நமக்கோ இரண்டிற்கும் ககரம் ஒன்றே. மேலும், தமிழில் க், ச், த், ப் என்னும் நான்கு மெய்களும் தம்மொடு தாமே மயங்குமன்றிப் பிற மெய்களோடு மயங்கா. வல்லின மெய் சொல்லின் இறுதியில் நிற்பதும் இல்லை. ஆதலின் ககரமெய்யின் பின் ளகரம் வருதலும், இறுதியில் ககரமெய் நிற்றலும் தமிழ் மரபுக்குப் பொருந்தா. இரண்டாம் உயிராகிய உகரமும் வடநாட்டு வழக்கில் அகரமாயிற்று. இங்ஙனம் ஒலி மாறி, உருமாறி, வேற்று நாட்டு ஆடையைக் களையாமலே இச்சொல் நம்மிடையே வழங்குகின்றது.

பிற துருக்கிச் சொற்களோ நம் வீட்டுப் பிள்ளைகளாகவே ஆகிவிட்டன. 'பேக்' என்றால் தலைவன்; அதிலிருந்து பிறந்த பேகம் என்பது தலைவி என்று பொருள்படும். அறந்தாங்கிப் பகுதியில் எந்தப் பள்ளியின் வருகைப் பதிவேட்டைப் புரட்டினும் பேகம் என்று முடியும் பெயரைக் காணலாம். கான் என்னும் தலைமைப் பட்டமும் துருக்கியர் வழியாகவே இங்கு வந்தது. உருது என்னும் மொழிப்பெயர், படைவீடு என்று பொருள்படும் துருக்கிச் சொல்லிலிருந்து பிறந்தது. வரலாற்றுப் பாடத்தில் வரும் ஐபக் என்னும் பெயர், திங்கள் என்னும் பொருளுடைய 'அய்' என்பதும் தலைவன் என்னும் பொருளுடைய 'பேக்' என்பதும் சேர்ந்தது. இல்துத்மிசு என்பதற்கு நாட்டைக் கைக்கொண்டவன் என்பது பொருள். அர்சலான் என்றால் சிங்கம். அழகும் ஆற்றலும் நற்பேறும் பிள்ளையிடம் விளங்க வேண்டும் என்று பெற்றோர் விரும்புவது எந்நாட்டிற்கும் பொதுவன்றோ?

துருக்கர் என்னும் சொல்லே தமிழில் துலுக்கர் எனத் திரிந்தது. ரகரம் லகரமாயிற்று. வடதமிழ்நாட்டில் துலுக்காணம் என்று பெயர் பூண்ட இந்துக்கள் உண்டு; சென்னையில் துலுக்காணத்தம்மன் கோயில்களும் உண்டு. ஆயின், இச்சொல்லைக் கொண்டு தமிழ்நாட்டு முசுலிம்களைத் துருக்கியர் என்று கருதுதல் பெரும்பிழை. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல் முதலிய ஊர்களில் வாழும் முசுலிம் மக்களின் தாய்மொழி தமிழே. அவர்கள் பெயர்களுள் பெரும்பாலானவை அரபுப் பெயர்கள். சில பாரசீகப் பெயர்கள். துருக்கிச் சொற்கள் மிகச் சிலவே. சொல் வந்த வழி வேறு. மக்கள் வந்த வழி வேறு. இவ்வேறுபாட்டை உணராதவர்களே பெயரைக் கேட்ட அளவில் ஒருவரை அயலார் என்று எண்ணி மயங்குவர்.

நம் நாட்டிற்குத் துக்ளக்கின் குடி வந்தது படையோடு என்பதையும் மறைத்தல் ஆகாது. உலுக் கான் என்னும் பட்டத்துடன் இளவரசனாக இருந்த முகம்மது 1323ஆம் ஆண்டில் வாரங்கலை வென்றான்; பின்னர் அவன் படைகள் பாண்டிநாட்டையும் கைப்பற்றின. மதுரை தில்லிப் பேரரசின் ஒரு மாகாணமாயிற்று. அவன் அரசனான பின்னர், மதுரையில் ஆளுநராக இருந்த ஜலாலுத்தீன் ஆசன் கான் 1335ஆம் ஆண்டளவில் தில்லியின் தொடர்பை அறுத்துக்கொண்டு தனியரசு அமைத்தான். கைவிட்டுப்போன நாட்டை முகம்மதால் மீண்டும் பெற இயலவில்லை. போரும் அழிவும் நிறைந்த அக்காலத்தைப் புகழ்ந்துரைப்பார் இலர்.

அத்தகைய முகம்மது கல்வியிற் சிறந்தவன். பாரசீக இலக்கியம், தருக்கம், மருத்துவம், வானநூல் ஆகியவற்றில் பயிற்சியுடையவன். ஆயினும், 1327ஆம் ஆண்டளவில் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள தேவகிரிக்குத் தௌலதாபாத் என்று பெயரிட்டுத் தலைநகராக்கி, தில்லி மக்களுள் பலரை அங்குச் செல்லுமாறு செய்தான். பின்னர் அவர்கள் திரும்பவும் இசைவளித்தான். 1330ஆம் ஆண்டை ஒட்டி, வெள்ளி நாணயத்திற்கு ஈடாகப் பித்தளை, செம்பு நாணயங்களை வழங்கினான். கள்ள நாணயம் பெருகவே, அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டு கருவூலத்திலிருந்து வெள்ளி கொடுக்க நேர்ந்தது. எண்ணம் புதிது, முன்னேற்பாடு இல்லை. துன்புற்றவர்கள் மக்கள்.

இச்செயல்களால் அவன் பெயர் நாடகத்திற்குரிய பொருளாயிற்று. 1964ஆம் ஆண்டில் கிரீஷ் கர்னாட் கன்னடத்தில் 'துக்ளக்' என்னும் நாடகத்தை எழுதினார். 1968ஆம் ஆண்டில் சோ இராமசாமி தமிழில் 'முகமது பின் துக்ளக்' என்னும் நாடகத்தை அரங்கேற்றினார். 1970ஆம் ஆண்டில் 'துக்ளக்' என்னும் இதழையும் தொடங்கினார். நாடகம் 1971ஆம் ஆண்டில் திரைப்படமாக வந்தது. தமிழ்நாட்டில் முன்பின் ஆராயாத ஆணைகளைத் 'துக்ளக் தர்பார்' என்று கூறும் வழக்கும் பரவிற்று. ஆட்சியாளரை நகைச்சுவையால் இடித்துரைத்தல் மக்களாட்சிக்கு வேண்டுவதே. ஆனால், அவ்வழக்கில் அடிபட்டது எல்லை காத்த தந்தையின் பெயர் என்பதை எவரும் நினைத்திலர். மகன் தந்தைக்கு ஆற்றும் உதவியைப் பற்றி வள்ளுவர் மக்கட்பேற்றில் கூறியுள்ளார். அதற்கு மாறாக நிகழ்ந்ததற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

தமிழில் கொடியோன் என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. கொடி என்பதன் அடியாகப் பிறப்பின், கொடியை உடையவன் என்று பொருள். கொடுமை என்பதன் அடியாகப் பிறப்பின், தீயவன் என்று பொருள். துக்ளக் என்னும் பெயர் முதற்பொருளில் தோன்றி, காலப்போக்கில் இரண்டாம் பொருளை நோக்கிச் சரிந்தது. பெயரைப் பெற்றோர் இடுகின்றனர். அதன் பொருளை வாழ்க்கையும் ஊரார் வாயும் மாற்றிவிடுகின்றன. இன்று தம் மகனுக்கு அப்பெயரை இடுவாரைக் காண்பது அரிது.

இவற்றையெல்லாம் தேடி அறிந்த பின்னர், ஒரு நாள் வகுப்பு முழுவதற்கும் எடுத்துரைத்தேன். கொடிதாங்கி என்ற அளவில் மாணவர் முகங்கள் மலர்ந்தன. அறந்தாங்கியும் கொடிதாங்கியும் ஒரு வகைப் பெயர்களே என்று கேட்டுச் சிலர் கைதட்டினர். வினாவிய மாணவன் மட்டும் அமைதியாக இருந்தான். வகுப்புக் கலைந்ததும் என் அருகில் வந்தான். பட்டப்பெயரின் பெருமையை அறிந்து மகிழ்ந்திருப்பான் என்று எண்ணினேன்.

"ஐயா, நல்ல பெயர்தான். ஆனால் அது அவர் பெயர். இனி என்னை என் பெயராலேயே அழைப்பீர்களா?" என்றான்.

நான் கூறிய பொருள் விளக்கம் அனைத்தினும் அவ்வொரு வினாவே பெரிதாக எனக்குத் தோன்றிற்று. மறுநாட் காலை பதிவேட்டைத் திறந்து, அவன் பெற்றோர் இட்ட பெயரை முழுமையாகவும் திருத்தமாகவும் படித்தேன். "உள்ளேன் ஐயா" என்று அவன் எழுந்து நின்றான். அன்று வகுப்பில் எவரும் சிரிக்கவில்லை.

மாணவர்களே! பெயர் எந்த மொழியிலிருந்து வந்ததாயினும், அதனுள் ஒரு தாயின் விருப்பமும் ஒரு நாட்டின் வரலாறும் அடங்கியுள்ளன. புதிய பெயரைக் கேட்குங்கால் நகையாதீர்; அதன் பொருளைக் கேளுங்கள். பொருளை அறிந்த பின்னரும், ஒவ்வொருவரையும் அவரவர் பெயராலேயே அழையுங்கள்.